இரண்டு அந்தர் யூரியாவுக்குப் பதில் என்ன? இலங்கையின் 2021 பசளைத் தடை: ஒரு நிகழ்வு ஆய்வு

2021 மே 6ஆம் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானியோடு இலங்கைக்குள் இரசாயனப் பசளையும் பீடைகொல்லியும் களைநாசினியும் வருவது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 24ஆம் திகதி, தடையிலிருந்து பின்வாங்குவதாக அரசாங்கமே அறிவித்தது. இடையில் ஏழு மாதம்கூட இல்லை. ஆனால் அந்த இடைவெளிக்குள் ஆண்டின் பெரிய நெற்பருவமான பெரும்போகத்தின் விதைப்பு அகப்பட்டுக்கொண்டது. 2020/21 பெரும்போகத்தில் 30 இலட்சம் தொன்னைத் தாண்டிய நெல் விளைச்சல் அடுத்த பெரும்போகத்தில் 20 இலட்சம் தொன்னுக்குக் கீழே இறங்கியது.

இந்த நிகழ்வை இரண்டு தரப்பார் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சேதன (இயற்கை) விவசாயம் சோறு போடாது என்பதற்கு இதுவே சாட்சி என்பது ஒரு தரப்பு. கொள்கை சரி, அவசரம்தான் பிழை என்பது மற்றத் தரப்பு. இரண்டிலும் பாதிதான் உண்மை. அந்தப் பெரும்போகத்தில் பெரும்பாலான வயல்களில் நடந்ததைச் சேதன விவசாயம் என்று சொல்லவே முடியாது. இருந்த பசளை எடுக்கப்பட்டது, அது கொடுத்துக்கொண்டிருந்த நைதரசனுக்கு ஈடாக எதுவும் வயலுக்கு வரவில்லை. அதேவேளை, பத்து வருடம் அவகாசம் கொடுத்திருந்தாலும் அந்த நைதரசன் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அப்படியே நின்றிருக்கும். இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

தடைக்கு முன்

நெல்லுக்கான பசளை மானியம் இலங்கையில் 1962இல் தொடங்கியது. 1950களின் இறுதியில் வந்த எச்-4, 1970களில் பரவிய பி.ஜி. வரிசை இனங்கள் எல்லாம் பசளைக்கு நன்றாகப் பதில் சொல்லும் நெற்கள். ஹெக்டேயருக்கு 2 தொன்னை ஒட்டியிருந்த விளைச்சல் காலப்போக்கில் 4 தொன்னைத் தாண்டியதற்கு இனமும் குளத்து நீரும் யூரியாவும் சேர்ந்தே காரணம். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெற்களுக்கு அதே அளவு யூரியாவைக் கொட்டினால் பயிர் நெடுத்து வளர்ந்து கதிர் முற்றுமுன் சாய்ந்துவிடும். ஆக, இன்று வயலில் நிற்கும் நெல்லே பசளையை எதிர்பார்த்து உருவாக்கப்பட்ட நெல். பசளையை மட்டும் எடுத்துவிட்டு விதையை அப்படியே விட்டால் என்ன நடக்கும் என்பதை யாரும் ஆராயவேண்டிய தேவை இருக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2005க்குப் பின் நெல் விவசாயிக்கு ஓர் அந்தர் யூரியா, அதாவது 50 கிலோ மூட்டை, 350 ரூபாவுக்குக் கிடைத்தது. பின்னர் 2020இல் இலவசமாகவே வந்தது. அந்த விலையில் எவரும் மண்ணைப் பரிசோதித்து அளந்து போட மெனக்கெட மாட்டார்கள். நுவரெலியாவின் மரக்கறித் தோட்ட மண்ணில் பயிருக்குத் தேவையானதைவிடப் பன்மடங்கு பொசுபரசு சேர்ந்து கிடப்பது பல வருடங்களாகத் தெரிந்த விடயம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னும் மோசம். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. அதன் பிளவுகள் வழியே தோட்டத்தில் இறைக்கும் நீர் போட்ட யூரியாவையும் கொண்டு நேரே நிலத்தடிக்குப் போகும். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செறிவாகச் செய்யப்படும் பகுதிகளின் கிணறுகளில், உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டி நைத்திரேற்று இருப்பது திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து பரவிய காரணம் தெரியாத சிறுநீரக நோய் இந்த விவாதத்துக்கு வேறு ஒரு சூட்டைக் கொடுத்தது. மதவாச்சி, பதவியா போன்ற இடங்களில் வயலில் வேலைசெய்யும் நடுவயது ஆண்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். கடின நீர், புளோரைட்டு, வெயிலில் உடல் நீரிழத்தல், விவசாய இரசாயனங்கள் என்று பல காரணங்கள் சந்தேகிக்கப்பட்டன. ஒன்றும் தனித்து நிரூபிக்கப்படவில்லை. இருந்தும் 2015இல் கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டது. களையைச் சமாளிக்க முடியாமல் தேயிலைத் துறை முறையிட, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. 2021க்கு இது ஒரு சின்ன ஒத்திகை. யாரும் அதிலிருந்து பாடம் எடுத்ததாகத் தெரியவில்லை.

2019 ஜனாதிபதித் தேர்தலில் கோத்தாபய ராஜபக்சவின் விஞ்ஞாபனம் பத்து ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு மாறுவதாகச் சொன்னது. பத்து ஆண்டு எப்படி ஒரே இரவாகச் சுருங்கியது? மத்திய வங்கியின் கையிருப்பைப் பார்த்தால் விளங்கும். 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு நாணயக் கையிருப்பு 2021 நவம்பரில் 1.6 பில்லியனுக்கு வந்துவிட்டது. ஈஸ்டர் தாக்குதலும் கொரோனாவும் சுற்றுலாவை முடக்கின. 2019 இறுதியில் பெறுமதிசேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8ஆகக் குறைத்தது அரச வருமானத்தை உருவிவிட்டது. பசளை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 250 மில்லியன் டொலருக்கு மேல் தேவைப்பட்டது. தடை பிறந்தது எந்த விவசாயச் சட்டத்தின் கீழும் இல்லை, 1969ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ். இறக்குமதியைத் தடுக்க அதுதான் வழக்கமான வழி என்று வாதிடலாம். ஆனாலும், மண்ணைப் பற்றிய முடிவாகச் சொல்லப்பட்டது டொலரைப் பற்றிய முடிவாகவும் இருந்தது என்பதை மறைக்க முடியாது.

ஒரு ஏக்கரின் கணக்கு

நீர்ப்பாசன வயலில் மூன்றரை மாத நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 100 கிலோ அளவில் நைதரசன் சிபாரிசு செய்யப்படுவது வழக்கம். ஏக்கருக்கு 40 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். எனவே ஏக்கருக்கு 90 கிலோ யூரியா, இரண்டு அந்தருக்குச் சற்றுக் குறைவு. மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போய்விடலாம்.

அதே 40 கிலோவைக் கூட்டெருவில் கொடுக்கவேண்டுமென்றால்? நல்ல கூட்டெருவில் 1 முதல் 1.5 சதவீதம் நைதரசன் இருக்கும், அதுவும் ஈரத்தைக் கழித்த கணக்கில். 1 சதவீதம் என்று வைத்தால் 4 தொன் வேண்டும். இது பையில் எழுதியிருக்கும் நைதரசன். பயிருக்குக் கிடைப்பது வேறு. கூட்டெருவின் நைதரசன் சேதனப் பொருளோடு பிணைந்து கிடக்கிறது. மண்ணில் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அமோனியமாக வெளியிட்ட பிறகுதான் வேர் எடுக்கும். முதல் போகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெளிவந்தாலே பெரிய விடயம். மிச்சம் மண்ணில் தங்கி அடுத்தடுத்த வருடங்களில் மெல்ல மெல்ல வரும். ஆக, யூரியா ஒரு போகத்தில் செய்யும் வேலையைக் கூட்டெரு முதல் போகத்திலேயே செய்யவேண்டுமானால் ஏக்கருக்கு 4 தொன் போதாது, அதன் பல மடங்கு வேண்டும். உழவு இயந்திரப் பெட்டியில் எத்தனை நடை, எத்தனை பேர் அள்ளிப் பரவவேண்டும் என்று அவரவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நாட்டளவில் பார்த்தால், பெரும்போகத்தில் 7 இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் விதைக்கப்படுகிறது. ஹெக்டேயருக்கு 10 தொன் என்ற குறைந்த கணக்கிலேயே 70 இலட்சம் தொன் கூட்டெரு. நெல்லுக்கு மட்டும், ஒரு போகத்துக்கு மட்டும். தேயிலையும் மரக்கறியும் சோளமும் இதில் இல்லை. ஐந்து மாதத்தில் அத்தனையையும் எந்த நாட்டாலும் செய்ய முடியாது. செய்யத் தேவையான வைக்கோலும் சாணமும் இலைதழையும் முதலில் எங்கே கிடக்கிறது?

வயலில் இது எப்படித் தெரிந்தது என்றால், முதல் இரண்டு வாரமும் ஒன்றும் தெரியாது. விதைக்குள் இருந்த சத்திலும் மண்ணில் மிஞ்சியிருந்ததிலும் பயிர் பச்சையாகவே எழும்பும். மட்டம் வெடிக்க, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைக்கத் தொடங்கும்போதுதான் பயிருக்குப் பசி எடுக்கும். அப்போது அடி இலை முதலில் மஞ்சளாகும், நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக உள்நோக்கி. நெல் தன் முதிய இலையிலிருக்கும் நைதரசனைப் பிரித்தெடுத்து குருத்துக்கு அனுப்புவதால் வரும் நிறம் அது. குருத்து பச்சையாக இருப்பதைப் பார்த்து ஒரு வாரம் பொறுத்திருந்தால், அதற்குள் வெடிக்கவேண்டிய மட்டங்கள் வெடிக்காமல் போயிருக்கும். பத்துப் பன்னிரண்டு மட்டம் நிற்கவேண்டிய இடத்தில் நாலைந்து நிற்கும். கதிர் எண்ணிக்கை அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. கதிர் தண்டுக்குள் உருளும் குடலைப் பருவத்தில் என்ன ஊற்றினாலும் போன மட்டம் திரும்பாது.

அரைகுறையாக மக்கிய கூட்டெரு இதைவிடக் கேடு. வைக்கோலும் மரத்தூளும் கூடிய, காபன் மிகுந்த எருவை வயலில் போட்டால் நுண்ணுயிர்கள் தமக்குத் தேவையான நைதரசனை மண்ணிலிருந்தே பிடுங்கும். பயிருக்கு இருந்ததும் இல்லாமல் போகும். அவசரத்தில் குவிக்கப்பட்ட எருவில் களைவிதையும் கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் சேர்ந்து வந்தால் அது உபரி.

களை என்னும் மறந்துபோன கணக்கு

பசளைதான் பேசப்பட்டது. ஆனால் களைநாசினித் தடையின் அடி சில வயல்களில் பசளைத் தடையின் அடிக்குக் குறையாதது. இலங்கையில் நெல் நாற்று நடப்படுவது இன்று அரிது. பெரும்பாலும் வீசி விதைப்புத்தான். நட்ட வயலில் வரிசை இருக்கும், வரிசைக்கிடையில் களை எடுக்கும் கருவியை உருட்டலாம், நாற்று களையைவிட மூன்று வாரம் மூத்தது. வீசி விதைத்த வயலில் நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கும். சின்ன வயதில் நெல் எது, கோழிச்சூடன் எது என்று பிரிப்பதே கண்ணுக்கு வேலை. அதனால்தான் விதைத்த சில நாளில் களைநாசினி அடிக்கும் வழக்கம் வந்தது. அதை எடுத்தால் மீண்டும் நாற்று நடவேண்டும், அல்லது ஆள் பிடித்துக் களை பிடுங்கவேண்டும். கூலிக்கு ஆள் கிடைக்காமல்தான் நடவையே கைவிட்டோம். சேதன விவசாயத்தின் குறைகளைப் பட்டியலிடுவோர் விளைச்சலை முதலில் சொல்வார்கள். என்னைக் கேட்டால் ஆள்வேலைதான் முதலில் வரவேண்டியது.

கப்பலில் வந்த எரு

உள்நாட்டில் எரு போதாதென்றதும் வெளிநாட்டிலிருந்து சேதனப் பசளை வாங்க முடிவாயிற்று. டொலரை மிச்சம் பிடிக்கப் போட்ட தடை, டொலர் கொடுத்து எரு வாங்குவதில் வந்து நின்றது. சீன நிறுவனம் ஒன்றோடு 99,000 தொன்னுக்கு ஒப்பந்தம். அனுப்பப்பட்ட மாதிரிகளில் இர்வினியா என்ற தாவர நோய்ப் பற்றீரியா இருப்பதாகத் தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை அறிவித்தது. 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட பொருள் நாட்டுக்குள் வர முடியாது. 20,000 தொன்னோடு ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் வந்து கடலில் காத்துநின்றது. பணம் கொடுப்பதை நீதிமன்றம் தடுக்க, சீனத் தூதரகம் இலங்கை அரச வங்கி ஒன்றைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. கடைசியில் 2022 ஜனவரியில் ஒரு மூட்டையும் இறங்காமலே 6 மில்லியன் டொலருக்கு மேல் கட்டவேண்டி வந்தது. இதற்கிடையே லித்துவேனியாவிலிருந்து பொட்டாசியம் குளோரைட்டு என்ற கனிம உப்பும், இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவமும் வந்தன. முன்னதைச் சேதனப் பசளை என்று அழைத்ததைக் கேட்டு விவசாயத் திணைக்களத்திலேயே பலர் தலையில் கைவைத்திருப்பார்கள்.

எதிர்த்துப் பேசிய நிபுணர்களுக்கு என்ன நடந்தது என்பதும் நிகழ்வின் பகுதி. தடையை வெளிப்படையாக விமர்சித்த பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே விவசாய அமைச்சின் குழுக்களிலிருந்து நீக்கப்பட்டார். உணவுத் தட்டுப்பாடு வரக்கூடும் என்று எச்சரித்த அமைச்சின் செயலாளரும் டிசம்பரில் பதவியிழந்தார்.

விவசாயிகள் எதிரிகளாகத் தொடங்கவில்லை. வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் 2021 ஜூலையில் நடத்திய கருத்தாய்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விவசாயிகள் சேதனப் பசளைக்கு மாறுவதை ஆதரித்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அதற்கு ஓராண்டுக்கு மேல் அவகாசம் கேட்டார்கள். மாறுவதற்குப் போதிய அறிவு தம்மிடம் இருப்பதாகச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவரே. இந்த எண்களை ஒரு கொள்கையாளர் கையில் எடுத்திருந்தால் வேறு திட்டம் வந்திருக்கும். ஆதரவு இருக்கிறது, அறிவும் அவகாசமும் இல்லை என்பதைவிடத் தெளிவான சேதி வேறென்ன வேண்டும்?

மலையகத்தில்

தேயிலையில் அறுவடையே இலைதான். நைதரசன் குறைந்தால் துளிர் குறையும், இடையில் வேறு கட்டம் இல்லை. 2021இல் 299 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி 2022இல் 251 மில்லியனை ஒட்டி வந்தது. ஆண்டுக்கு 1.3 பில்லியன் டொலர் கொண்டுவரும் பயிர் இது. 250 மில்லியனை மிச்சப்படுத்தப் போய் எந்தப் பணப்பெட்டியில் கைவைத்தோம் என்பதை அரசாங்கமும் உணர்ந்திருக்கவேண்டும். ஒக்டோபரிலேயே தளர்வுகள் தொடங்கிவிட்டன.

ஏற்றுமதி எண்ணிக்கையில் தெரியாத ஒன்று இருக்கிறது. 2021 மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளருக்கு நாட்கூலி 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. பல தோட்டங்களில் அந்த 1,000 ரூபா முழுதாகக் கிடைக்க நாளுக்கு 18 கிலோ, 20 கிலோ கொழுந்து என்று அளவு வைத்தார்கள். குறைந்தால் அரை நாள் பேர், அதாவது அரை நாள் வேலையாக மட்டும் பதிவு, அல்லது கிலோவுக்கு இவ்வளவு. மலையில் துளிர் இல்லாதபோது எத்தனை மணி நேரம் நின்று பறித்தாலும் அந்த அளவு கூடைக்குள் வராது. களைநாசினி இல்லாததால் செடிக்கிடையில் புல் இடுப்பளவு. அட்டையும் குளவியும் வேறு. பசளைத் தடையின் செலவை டொலரில் கணக்கிட்டவர்கள் பலர். அது அரை நாள் பேராகத் தோட்டத் தொழிலாளரின் ஒரு லயன் வீட்டுக்குள் போனதைக் கணக்கிட்டவர்கள் மிகக் குறைவு.

எண்களை நிதானமாகப் படித்தால்

மத்திய வங்கிக் கணக்கில் 2021இல் 51 இலட்சம் தொன்னைத் தாண்டிய நெல் உற்பத்தி 2022இல் 34 இலட்சம் தொன். மூன்றில் ஒரு பங்கு போயிற்று. இந்த முழு வீழ்ச்சியையும் சேதன விவசாயத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. 2021 சிறுபோகம், அதாவது ஆண்டின் இரண்டாவது நெற்பருவம், கையிருப்புப் பசளையில் ஓரளவு தப்பியது. 2022 சிறுபோகம் தடை நீங்கிய பிறகு விதைக்கப்பட்டது. அப்போது யூரியா வாங்கத் தடை இல்லை, டொலர் இல்லை. உழவு இயந்திரத்துக்கு டீசல் இல்லை. உலகச் சந்தையில் 2021 தொடக்கத்தில் தொன் 300 டொலருக்குள் இருந்த யூரியா, அரசாங்கம் பின்வாங்கிய நவம்பரில் 900 டொலரைத் தொட்டிருந்தது. மலிவாக இருந்தபோது வாங்காமல் விட்டு, விலை உச்சத்தில் இருந்தபோது கதவைத் திறந்த கதை. இலவசமாக வந்த அந்தர், 2022இல் அரச விலையிலேயே 10,000 ரூபா.

நெல் விவசாயிகளுக்கு 40,000 மில்லியன் ரூபா நட்டஈடு அறிவிக்கப்பட்டது. அரிசி இறக்குமதி செய்யப்பட்டது. சோளம் குறைந்ததால் கோழித்தீனி விலை ஏறி முட்டை வரை போயிற்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். இதில் ரூபாவின் வீழ்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. 2022 ஏப்ரல் 18ஆம் திகதி, இரசாயனப் பசளையை நிறுத்தியது பிழை என்று ஜனாதிபதியே ஒப்புக்கொண்டார். ஜூலையில் நாட்டை விட்டுப் போனார். நாட்டின் வங்குரோத்துக்குக் கடனும் வரிக்குறைப்புமே முதற்காரணம். பசளைத் தடை, விழுந்துகொண்டிருந்தவனின் கைத்தடியையும் பிடுங்கிய வேலை.

அப்படியானால் நன்மை எங்கே?

இருக்கிறது. நீண்டகால ஆய்வுகளில் தெளிவாக இருக்கிறது. சுவிற்சர்லாந்தின் தேர்வில் (Therwil) என்ற ஊரில் 1978 முதல் சேதன, வழமை முறைகளை அருகருகே வைத்து ஒரு பரிசோதனை நடக்கிறது. 21 வருடத் தரவு 2002இல் வெளியானபோது, சேதன வயல்களில் விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைவு. ஆனால் பசளையும் சக்தியும் 34 முதல் 53 சதவீதம் குறைவு, பீடைகொல்லி 97 சதவீதம் குறைவு. மண்புழுவும் வேர்ப் பூஞ்சையும் கூடுதல். ஐந்தில் ஒரு பங்கு விளைச்சலை விட்டுக்கொடுத்து இவ்வளவு உள்ளீட்டை மிச்சம் பிடிப்பது ஒரு விவசாயிக்கு நல்ல பேரமாக இருக்கலாம், சேதன விளைபொருளுக்குக் கூடுதல் விலை கிடைத்தால்.

உலகளவில் திரட்டிப் பார்த்த ஆய்வுகளும் அதே வட்டத்துக்குள்தான் நிற்கின்றன. 2012இல் வந்த ஒன்று சராசரி இடைவெளியை 25 சதவீதம் என்றது, பயிரையும் சூழலையும் பொறுத்து 5 முதல் 34 வரை. 2015இல் வந்த மற்றொன்று 19 சதவீதம் என்றது. அவரையினப் பயிர்களுக்கும் பல்லாண்டுப் பயிர்களுக்கும் இடைவெளி சிறிது. தானியத்துக்கும் மரக்கறிக்கும் பெரிது. காரணம் வெளிப்படை. பயறும் உழுந்தும் தம் நைதரசனைத் தாமே காற்றிலிருந்து பிடித்துக்கொள்ளும், நெல்லால் முடியாது. சேதனப் பண்ணைகளில் உயிரினங்களின் வகை சராசரியாக 30 சதவீதம் கூடுதல் என்ற திரட்டு ஆய்வும் உண்டு. சேதனப் பொருள் ஏறிய மண் மழையை உறிஞ்சும், வறட்சியில் இரண்டு நாள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். யாழ்ப்பாணக் கிணற்றுக்கு யூரியா குறைவதே மருந்து.

ஆனால் அந்தச் சுவிஸ் பரிசோதனை வயலில் ஏழு வருடப் பயிர்ச்சுழற்சி இருக்கிறது. அதில் புல்லும் குளோவரும் நிற்கும் வருடங்கள் இருக்கின்றன. மாடு இருக்கிறது, மாட்டு எரு இருக்கிறது. நைதரசன் வானத்திலிருந்து குளோவர் வழியாக மாட்டுக்கும், மாட்டிலிருந்து வயலுக்கும் வருகிறது. நம் வயலில் போகத்துக்குப் போகம் நெல். கதிரைச் சூடடித்த இடத்திலேயே வைக்கோலை எரிப்பது. வயலில் மாட்டுப் பட்டி அடைக்கும் வழக்கம் உழவு இயந்திரத்தோடு குறைந்துபோயிற்று. சான்றிதழ் பெறுவது மற்றச் சிக்கல். ஓராண்டுப் பயிருக்குப் பொதுவாக இரண்டு வருடம், தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருடம் மாறுதல் காலம். அந்தக் காலத்தில் விளைச்சல் குறைவு, விலை மட்டும் பழைய விலை. நட்டம் முன்னால் வருகிறது, இலாபம் பின்னால் வருகிறது, இடையிலிருக்கும் வருடங்களை யார் தாங்குவது என்பதை எழுதாத எந்தச் சேதனத் திட்டமும் முழுமையில்லை. 2021இல் அதைத் தாங்கும்படி விடப்பட்டவர் விவசாயி.

சிக்கிம் ஏன் தப்பியது

சிக்கிமை உதாரணம் காட்டாத சேதன மேடை இல்லை. 2003இல் பவன் சாம்லிங் முதல்வராக இருந்தபோது சட்டசபையில் அறிவிப்பு, 2010இல் அதற்கென ஒரு திட்டம், 2016 ஜனவரியில் முழுச் சேதன மாநிலம் என்ற பிரகடனம். பதின்மூன்று வருடம். உள்ளீட்டு மானியத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள், சுமார் 75,000 ஹெக்டேயருக்குச் சான்றிதழ் வாங்கினார்கள், இரசாயன விற்பனையைச் சட்டத்தால் தண்டித்தார்கள். நிதானம் பற்றிய பாடம் சரியே.

அதோடு நிறுத்திவிடக் கூடாது. சிக்கிமில் தொடக்கத்திலேயே இரசாயனப் பசளைப் பாவனை மிகச் சொற்பம். ஏலக்காயும் இஞ்சியும் மஞ்சளும் விளையும் மலைநாடு. அரிசி பெருமளவு கீழிருந்து, சிலிகுரி வழியாக வருகிறது. அந்த அரிசி இரசாயனப் பசளையில் விளைந்தது. ஒரு சிறு மாநிலம் தன் சோற்றுக்கு இன்னொரு சமவெளியை நம்பியிருந்து சேதனமாகலாம். சொந்த நெல்லில் சோறுண்ணும் இரண்டு கோடிப் பேர் நாட்டுக்கு அந்த வசதி இல்லை. இலங்கை சிக்கிமிலிருந்து எடுத்திருக்கவேண்டியது பயிர் வரிசையைத்தான். மிளகு, கறுவா, தென்னை, வீட்டுத்தோட்டப் பழமரங்கள் முதலில். இவற்றுக்குப் பசளைத் தேவை குறைவு, ஏற்றுமதிச் சந்தையில் சேதன விலையும் உண்டு. மரக்கறியில் முதலில் அளவுக்கு மிஞ்சிய பாவனையைக் குறைத்திருக்கலாம், விளைச்சலே குறையாமல். நெல் கடைசியில்.

இப்போது

தடையின் பெரிய நட்டம் போன நெல்லைவிட, அதற்குப் பின் பேசமுடியாமற்போனதுதான் என்று எனக்குப் படுகிறது. பசளையைக் குறைப்போம் என்று எந்த அரசியல்வாதியும் இனி வாய்திறக்கத் தயங்குவார். 2024 இறுதியில் நெல்லுக்கான பசளை மானியம் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. விவசாயிக்கு அது தேவைதான். குடாநாட்டுக் கிணறுகளின் நைத்திரேற்றைப் பற்றிய பேச்சு மட்டும் ஆய்வுக் கட்டுரைகளோடு நிற்கிறது.

குறைப்பதற்கு வழி இல்லாமலில்லை. இலை நிற அட்டையை அடி மஞ்சளாகுமுன் வயலில் பிடித்துப் பார்த்தே யூரியாவின் அடுத்த தவணையைத் தீர்மானிக்கலாம், சில வயலில் ஒரு தவணையே மிச்சமாகும். வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே பரப்பிவிட்டால் தொன்னுக்கு 15 கிலோவுக்கு மேல் பொட்டாசியம் மண்ணுக்குத் திரும்பும், நைதரசனும் 6 கிலோ அளவில். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் பாய்வதில்லை. தண்ணீர் கிடைக்காத வயலில், பெரும்போக அறுவடை முடிந்து ஈரம் காயுமுன் பயறு விதைக்கலாம். இரண்டு மாதத்தில் காய் பிடுங்கி விற்கலாம். கொடியைப் பிடுங்கிக் கொண்டுபோகாமல் வயலிலேயே மடக்கி உழுதால் அடுத்த நெல்லுக்கு அரை அந்தராவது யூரியா குறைத்துப் பார்க்க இடமுண்டு. விதைப்பயறு கமநல சேவை நிலையத்துக்கு மாசிக்குள் வந்து சேரவேண்டும். பங்குனியில் வந்தால் மண் காய்ந்துவிடும்.